முன்னறையில் பாடிய பாட்டு: பம்பாய்த் தமிழரின் மெல்லிய இசை குறித்துச் சில குறிப்புகள்

மும்பைத் தமிழரின் இசை வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் சண்முகானந்தா அரங்கில் தொடங்கி அந்த அரங்கிலேயே முடித்துவிடுகின்றனர். அதற்குக் காரணம் உண்டு. 1952இல் சபை தோன்றியது. 1963இல் கிங்ஸ் சர்க்கிள் அருகே அரங்கு எழுந்தது. 1990இல் தீக்கு இரையாகி, 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அதில் 2,763 இருக்கைகள். தேதியும் எண்ணும் கல்வெட்டும் ஆண்டு மலரும் கிடைக்கும் இடத்தில் வரலாறு எழுதுவது எளிது. வீட்டு முன்னறைகளுக்கு ஆண்டு மலர் இல்லை. ஆயினும் பதங்களையும் ஜாவளிகளையும் போன்ற மெல்லிய, தாழ்ந்த குரலிசை இந்நகரில் கைமாறியது முன்னறைகளில்தான் என்பதும், அரங்கு அவ்விசைக்குப் பல வகையில் பொருந்தாத இடம் என்பதும் என் வாதம். (1995க்கு முந்தைய காலத்தைப் பேசுமிடங்களில் பம்பாய் என்றே எழுதுகிறேன்.)

‘மெல்லிய’ என்ற சொல்லைச் சற்றே விளக்கிவிட்டு மேலே செல்லலாம். பழந்தமிழ் இசை மரபு மூன்று தானங்களையும் மெலிவு, சமன், வலிவு என்று பெயரிட்டது. தாழ்ந்த சுருதி மெலிவு, உயர்ந்த சுருதி வலிவு. சுருதியின் உயரமும் ஒலியின் வன்மையும் இயற்பியலில் வெவ்வேறானவை. பெயரிட்டவர்கள் இரண்டையும் ஒருங்கே கேட்டிருக்கிறார்கள். பாடும் தொண்டையைப் பொறுத்தவரை அவர்கள் கேட்டது சரியே. குரலை வன்மையாக்கும்போது குரல்வளைக்குக் கீழே காற்றழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் சுருதியும் மேலேற முனைகிறது. ஒலியியல் ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவர் அளந்து பார்க்கக்கூடிய செய்தி இது. பிற்காலத்து ‘மெல்லிசை’ என்ற சொல் வேறு வழியில் வந்தது. அது வானொலியும் திரைப்படமும் பரப்பிய ஓர் இசை வகையின் பெயர். ஒலி குறைவு என்ற பொருள் அதில் இல்லை. மெல்லிசை மன்னர்கள் என்று பெயர் பெற்ற விசுவநாதனும் ராமமூர்த்தியும் எத்தனை வயலின்களை ஒருங்கே இசைக்கவைத்தனர் என்பதை நினைத்தால் போதும்.

நான் பேச விரும்பும் மென்மைக்குத் தமிழகத்தில் நன்கு ஆவணப்படுத்தப்பட்ட ஒரு தொடக்கம் உண்டு. அது சென்னை ஜார்ஜ் டவுனில், வீணை தனம்மாளின் (1867–1938) வீடு. அவருடைய முன்னோர்களில் ஒருவரான பாப்பம்மாள் தஞ்சை அரசவையோடு தொடர்புடைய ஆடற்கலைஞர், பாட்டி காமாட்சி அம்மாள், தாய் சுந்தரம்மாள். சியாமா சாஸ்திரி குடும்பத்துக் கீர்த்தனைகள் வீட்டு வழியாக வந்தன. தீட்சிதர் கீர்த்தனைகள் சாத்தனூர் பஞ்சநதையர் வழியாக வந்தன. க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குப் பதங்களைப் பார்வையற்ற பாடகர் பால்தாஸ் நாயுடுவிடம் கற்றார். பிற்காலத்தில் தனம்மாளும் பார்வை இழந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வாசிப்பு நடக்கும். வீணையை அவர் கம்பி நெளி எதுவும் அணியாமல் வெறும் நகத்தால் மீட்டினார். அறையில் இருந்தோர் அசையாமல் இருந்தால்தான் கேட்கும் என்பதும், சிறு சலசலப்பையும் அவர் பொறுக்கமாட்டார் என்பதும் கேட்டவர்கள் எழுதிவைத்த செய்திகள். சென்னையின் பெரிய வித்துவான்கள் அங்கே தரையில் அமர்ந்து கேட்டனர்.

1932இல் கொலம்பியா நிறுவனம் அவர் வாசிப்பை இசைத்தட்டில் பதிந்தது. பக்கத்துக்கு மூன்றரை நிமிட அளவுதான். அத்தட்டுகளை இன்று இணையத்தில் கேட்போர் முதலில் தட்டின் இரைச்சலைத்தான் கேட்பர். அதற்குப் பின்னால், காதைத் தீட்டிக்கொண்டால், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழி கேட்கும். போய்ச்சேரும் இடத்தைவிடப் போகும் வழியே அங்கு இசையாக இருக்கிறது.

இந்த வீட்டின் பெயர்த்திகளில் ஒருவர் டி. பிருந்தா (1912–1996). தனம்மாளின் மகள் காமாட்சியின் மகள். காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளையிடமும் பயின்றவர். தங்கை முக்தாவோடு இணைந்து பாடினார். மற்றொரு பெயர்த்தி நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி. நாயினாப் பிள்ளையின் பள்ளி லயக் கணக்குக்குப் புகழ்பெற்றது. பல பக்கவாத்தியங்கள் முழங்கும் கச்சேரி அவருடையது. அங்கிருந்து வந்த ஒருவர் தமிழிசை உலகின் மிக மெல்லிய பாடாந்தரத்தைக் காத்தார் என்பதை நான் முரணாகக் கருதவில்லை. காலத்தை மிக மெதுவாக நகர்த்துவோருக்கே கணக்கு மிகுதியாகத் தேவைப்படும். சவுக்க காலத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையிலுள்ள வெளியில் வழுக்கி விழுவது எளிது.

இனி பம்பாய்க்கு வருவோம். 1896இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின் 1898இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாட்டுங்கா பகுதிகளைத் திட்டமிட்டு மனைகளாகப் பிரித்தது. அகன்ற தெருக்கள், மரங்கள், மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள். இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்தராகவும் கணக்கராகவும் வந்த தென்னிந்தியர் அங்கே குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றியது. கோயில், பஜனை, காப்பித்தூள் கடை, உடுப்பி உணவகம் என்று மற்றவை தொடர்ந்தன. இவ்வரலாறு பலரும் எழுதியது, விரிக்கவில்லை. என் நோக்கிற்கு வேண்டிய செய்தி ஒன்றே: அக்கட்டடங்களில் பத்துப் பதினைந்து பேர் பாய் விரித்து அமரக்கூடிய, கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஒரு முன்னறை இருந்தது.

அத்தகைய பம்பாய் வீடுகளில் ஒன்று சேதுராமன், ராஜலட்சுமி தம்பதியினுடையது. ராஜலட்சுமி ஆலத்தூர் சகோதரர்களிடமும் தஞ்சாவூர் சங்கர ஐயரிடமும் பாட்டுப் பயின்றவர். சேதுராமன் இசை ரசிகர். ஊருக்கு வரும் இசைக் கலைஞர்களையும் நாட்டியக் கலைஞர்களையும் வீட்டில் வரவேற்றவர். அவர்களுடைய மகள் அருணா, சபை தோன்றிய அதே 1952இல் பிறந்தவர். வீட்டுக்கு வந்த பிருந்தாவிடம் பத்து வயதில் பாடம் தொடங்கினார். பின்னாளில் அருணா சாயிராம் என்று அறியப்பட்டு 2018இல் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி ஆனார். பிருந்தா அவ்விருதை 1976இல் பெற்றார்.

1962 அளவில் இது நடந்திருக்கிறது. அதாவது, கிங்ஸ் சர்க்கிள் அருகே ஆயிரக்கணக்கானோர் அமரும் அரங்கு கட்டி முடிக்கப்படும் நாட்களில், அதே நகரின் ஒரு வீட்டில் ஓர் ஆசிரியரும் ஒரு சிறுமியும் எதிரெதிரே அமர்ந்து ஒரு பதத்தின் முதல் அடியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தனர். இரண்டும் ஒரே சமூகத்தின் ஆர்வத்திலிருந்து பிறந்தவை. ஆனால் அவை கேட்ட குரல்கள் வேறு.

ஒரு பதத்தை இம்மரபில் கற்பது என்பது என்ன? எழுதிக்கொண்டு போய் மனப்பாடம் செய்வது அன்று. ஆசிரியர் பாடுவார், மாணவர் பாடுவார், ஆசிரியர் மீண்டும் அதையே பாடுவார். திருத்தம் என்பது பெரும்பாலும் விளக்கமாக வராது. மற்றொரு முறை பாடிக்காட்டுவதாகவே வரும். எங்கே பிழை என்று மாணவர் தாமே கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். பிருந்தாவின் கண்டிப்பு இசை உலகில் பழமொழிபோல் பேசப்படுவது. அக்கண்டிப்பை வெறும் குணமாகப் பார்ப்பது போதாது. பாடுபொருளின் தன்மையே அதைக் கோரியது. ஒரு கமகத்தின் அசைவு சற்றுக் கூடினால் ராகம் கலையாது, பாடாந்தரம் கலைந்துவிடும். கேட்பவருக்கு அப்போதும் அது நல்ல பாட்டுத்தான். அந்தக் குடும்பத்துக்கு மட்டும் அது தங்கள் பாட்டு இல்லை என்று தெரியும். பிருந்தா சுரக்குறிப்போடு தொகுத்த ஜாவளிகளை மியூசிக் அகாதெமி நூலாக வெளியிட்டிருக்கிறது. அந்நூலை மட்டும் கொண்டு அப்பாடல்களைப் பாட இயலாது என்பதை அதைத் திறந்து பார்த்த எந்த மாணவரும் ஒப்புக்கொள்வார். 1904இல் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ கமகங்களுக்கெனவே தனிக் குறிகள் வகுத்தது. அதுவும் ஏற்கெனவே கேட்டவருக்கு நினைவூட்டும் அளவுக்கே உதவுகிறது.

இவ்விடத்தில் மொழியியல் பயின்றவர் சொல்லக்கூடியது சில உண்டு. பதம் மிக மெதுவாகச் செல்வதால் ஓர் அசை பல விநாடிகள் நீள்கிறது. பேச்சில் நம் காது மெய்களைப் பற்றிக்கொண்டு சொல்லை அடையாளம் காண்கிறது. பதத்தில் மெய்கள் கண்ணிமைப்பில் மறைய, உயிர்களே எஞ்சுகின்றன. தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிவதால் அங்கு நீட்டுவதற்கு இடம் இயல்பாக அமைகிறது. தமிழ்ப் பதங்களில் நிலைமை வேறு. தமிழ்ச் சொற்கள் மெய்யில் முடியலாம். ஆனால் வல்லின மெய்யில் முடிவதில்லை. ம், ன், ண், ல், ள், ர், ழ், ய் போன்ற மூக்கொலிகளும் இடையினங்களுமே பெரும்பாலும் இறுதியில் நிற்கும். இவை நீட்டத்தக்க மெய்கள். வாய் மூடிய பின்னும் ம் ஒலிக்கும். நா அண்ணத்தைத் தொட்டபடி ல் ஒலிக்கும். தொல்காப்பிய நூன்மரபின் இறுதி நூற்பா இசையில் எழுத்துகள் தம் அளவு கடந்து ஒலிப்பதைச் சொல்லும்போது, ஒற்றுகள் நீள்வதையும் சேர்த்தே சொல்கிறது. கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அளவாகக் கொண்டு மாத்திரை வகுத்த இலக்கணி, அந்த அளவு செல்லாத ஒரு களம் உண்டு என்று அங்கேயே குறித்துவிட்டார்.

குற்றியலுகரம் இன்னும் சுவையான சிக்கல். பேச்சில் அரை மாத்திரை. இதழ் குவியாமல் ஒலிக்கும் ஒரு மெலிந்த உகரம். அதைச் சவுக்க காலத்தில் நான்கு எண்ணிக்கைக்கு நீட்டினால் என்ன செய்வது? இதழைக் குவித்து முழு உகரமாக்கினால் சொல் செயற்கையாகிறது. குவிக்காமல் நீட்டினால் ஒலி மங்கி, அரங்கின் பின்வரிசைக்குப் போவதற்குள் கரைந்துவிடுகிறது. பாடகர் ஒவ்வொரு முறையும் முடிவெடுத்தாக வேண்டும். சிறு அறையில் பாடுபவர் இரண்டாவதைத் தேர்ந்துகொள்ள முடியும். உரக்கப் பாட வேண்டியவருக்கு அந்தத் தேர்வே இல்லை. மென்மை என்பதைப் பாடகரின் மனநிலையாகவோ சோகமாகவோ விளக்கும் விமரிசனங்களைப் படிக்கும்போதெல்லாம் இந்தச் சிறிய உகரம்தான் என் நினைவுக்கு வரும்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய பாடாந்தரத்தின் உள்ளே போற்றப்பட்ட தமிழ்ப் பதங்களில் ஒரு பகுதி கனம் கிருஷ்ணையருடையது. சொல்லும் இசையும் தாமே யாத்துத் தாமே பாடியவர்; நம் மரபு வாக்கேயகாரர் என்று சொல்லும் வகையினர். இன்று மேற்கில் பாடகர்–பாடலாசிரியர் என்று கொண்டாடப்படும் வகைக்கு நம்மிடமிருந்து ஒருவரை நிறுத்த வேண்டுமானால் அவரை நிறுத்தலாம். அவர் பெயருக்கு முன்னுள்ள ‘கனம்’ பொப்பிலி கேசவையாவிடம் அவர் கற்ற கன மார்க்கத்தைக் குறிக்கிறது. அது ஓங்கி, பெருங்குரலெடுத்துப் பாடும் நெறி. அவரைப் பற்றித் தனி நூலே எழுதிய உ.வே.சாமிநாதையர் இச்செய்தியை விரிவாகச் சொல்கிறார், உ.வே.சா.வின் தந்தை வேங்கடசுப்பையர் அவரிடம் இசை பயின்றவர். உடையார்பாளையம் ஜமீனின் அவையில் பெருங்குரலில் ஒலித்த ஒருவரின் பாடல்கள், ஆடற்கலைஞர் வீடுகள் வழியாகச் சென்று, ஒரு நூற்றாண்டுக்குப் பின் தாழ்ந்த குரலில் பம்பாய்க்கு வந்தன. ஆகவே பாடலுக்குள்ளேயே மென்மை உறைந்திருக்கிறது என்று சொல்ல வழியில்லை. இடைப்பட்ட வீடுகள் அதைச் செய்தன.

அந்த வீடுகளைப் பற்றிப் பேசாமல் இவ்வரலாற்றை முடிப்பது நேர்மையாகாது. தனம்மாளும் பிருந்தாவும் இசையையும் ஆடலையும் குலத்தொழிலாகக் கொண்ட பெண்வழிக் குடும்பத்தினர். 1934இல் பம்பாய் மாகாணத்திலும் 1947இல் சென்னை மாகாணத்திலும் தேவதாசி முறைக்கு எதிரான சட்டங்கள் வந்தன. அச்சட்டங்களுக்கான நியாயங்களை நான் மறுக்கவில்லை. அவற்றால் பயன்பெற்ற பெண்களும் உண்டு. ஆனால் அதே பத்தாண்டுகளில் அப்பெண்களின் கலை மட்டும் அவர்களிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, நடுத்தர வர்க்கப் பிராமணக் குடும்பங்களின் பெண்களுக்குக் கல்வியாக மாறியது. டேவேஷ் சோனேஜியும் அமாண்டா வீட்மனும் லக்ஷ்மி சுப்பிரமணியனும் வெவ்வேறு கோணங்களில் இதை எழுதியிருக்கிறார்கள். பம்பாய் வீட்டு முன்னறையும் அந்த மாற்றத்தின் ஒரு பகுதிதான். அங்கே கற்பித்தவர் யார், கற்றவர் யார் என்ற கேள்விக்கு விடை தெளிவாகவே தெரியும்.

ஆயினும் பம்பாயில் நடந்ததைப் பறிப்பு என்ற ஒற்றைச் சொல்லில் அடக்க எனக்குத் தயக்கம் உண்டு. அங்கே பிருந்தா தம் பெயரோடு, தம் விதிகளோடு, தமக்குரிய அதிகாரத்தோடு கற்பித்தார். பாடங்கள் அவர் வழியாகவே வந்தன. ராம்நாட் கிருஷ்ணன் போன்ற பிறர் சென்னையில் அவரிடம் கற்றதும், அவர் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று கற்பித்ததும் இவ்வாறே. தம் குடும்பத்துக்கு வெளியே தம் இசையை யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதை முடிவு செய்யும் உரிமை அவரிடம் இருந்தது. கச்சேரி மேடையில் அவருக்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை. அங்கே வேகமும் கணக்கும் உச்சஸ்தாயியும் கைதட்டலைப் பெற்றன. பதம் துக்கடாவாகக் கடைசியில் வந்தது. வித்துவான்களின் வித்துவான் என்று அவரைப் போற்றுவது வழக்கம். அப்போற்றலில் ஒரு புறக்கணிப்பும் ஒளிந்திருக்கிறது. பொதுக் கேட்போரிடம் அவரைக் கொண்டுசெல்லவில்லை என்பதை நாம் பாராட்டாக மாற்றிச் சொல்லிக்கொள்கிறோம்.

முன்னறை எல்லாருக்கும் வாய்த்ததும் இல்லை. மாட்டுங்காவிலிருந்து இரயில் பாதையைக் கடந்தால் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்த தமிழர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே அங்கு வாழ்கின்றனர். ஒரே அறையில் சமையலும் உறக்கமும் படிப்பும் நடக்கும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கமகத்தை நாற்பது முறை பாட முடியாது. தாராவித் தமிழிசை என்றதும் பறையும், கோயில் கொடையின் ஒலிபெருக்கியும், அண்மைக்காலச் சொல்லிசைக் குழுக்களும் நினைவுக்கு வருவதில் இந்த இடநெருக்கடிக்கும் பங்குண்டு. மென்மை பண்பாட்டு உயர்வின் அடையாளம், உரத்த ஒலி அதன் குறை என்று பேசுவோர் சதுர அடிக் கணக்கை மறந்து பேசுகின்றனர். தாராவியிலும் மெல்லிய பாட்டு உண்டு, அது தாலாட்டு. அதைப் பாடியவர்களை யாரும் பாடகர் என்று எண்ணவில்லை. எனவே யாரும் பதியவும் இல்லை.

அருணா சாயிராமின் பிற்கால வாழ்க்கை இவ்வரலாற்றில் எதிர்பாராத திருப்பம். அவரைப் பெருந்திரளான கேட்போரிடம் கொண்டுசேர்த்தவை மராத்திய அபங்கங்கள். முழுத் தொண்டையில், அரங்கை நிறைக்கும் குரலில் பாடியவை. அபங்கத்தைக் கச்சேரிக்குள் அவர் கொண்டுவந்தது மும்பைத் தமிழருக்கே இயலக்கூடிய ஒன்று. இடையில் அவர் ஜெர்மனியில் பணியாற்றிய குரற்பயிற்சி ஆசிரியர் யூஜின் ராபைனிடம் குரலைப் புதிதாகப் பழக்கிக்கொண்டார். மெலிவைக் கற்றுத்தந்த மரபிலிருந்து வந்தவர் வலிவுக்காக வேறு மரபை நாட வேண்டியிருந்தது என்று இதைப் படிக்கலாம். எனினும் அவர் பதம் பாடும்போது மட்டும் குரல் பின்வாங்கிவிடுவதைக் கவனிக்கலாம். 2,763 இருக்கைகள் கொண்ட அரங்கில் அமர்ந்திருந்தாலும், ஒலிவாங்கியின் துணையால், அவர் அப்போது ஓர் அறைக்குள் பாடுகிறார்.

ஒலிவாங்கி செய்த வேலையை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர் செம்பூரில் வளர்ந்த மற்றொருவர். பாம்பே ஜெயஸ்ரீ பெற்றோரிடமும், பின் மும்பையில் டி.ஆர். பாலாமணியிடமும், அதன்பின் லால்குடி ஜெயராமனிடமும் கற்றார். பாலாமணியிடம் பயின்ற மற்றொரு செம்பூர்க்காரர் சங்கர் மகாதேவன். 1998இல் அவர் புகழ்பெற்றது மூச்சே விடாததுபோல் ஒலித்த ‘ப்ரெத்லெஸ்’ பாடலால். ஜெயஸ்ரீயின் குரலிலோ மூச்சு கேட்கும். 2001இல் ‘மின்னலே’ படத்தில் ஹாரிஸ் ஜெயராஜ் இசையில் அவர் பாடிய ‘வசீகரா’வைக் கேட்ட எவருக்கும் இது தெரியும். ஒலிவாங்கிக்கு அருகில், சுருதியைத் தாழ்த்தி, தன் அறையில் தனக்கே பாடுவதுபோல் பாடும் முறை அது. தனம்மாளின் அறையில் கேட்போர் அசையாமலிருந்து செய்ததை ஒலிப்பதிவுக் கூடத்தில் மின்சாரம் செய்கிறது. பாடகர் கேட்பவரின் காதருகே வந்துவிட்டார். கேட்பவர் பேருந்தில் இருக்கிறார், பேசிக்கொண்டே கேட்கிறார்.

2012இல் ஆங் லீயின் ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்காக அவர் ஒரு தமிழ்த் தாலாட்டை எழுதிப் பாடினார். இசை மைக்கேல் டானா. 2013ஆம் ஆண்டு ஆஸ்கர் விருதுக்கு அது பரிந்துரைக்கப்பட்டது. விருது ‘ஸ்கைஃபால்’ பாடலுக்குப் போனது. அதற்கு முன்பே ஒரு வழக்காடல் எழுந்தது. இரயிம்மன் தம்பி சுவாதித் திருநாளுக்காக இயற்றிய மலையாளத் தாலாட்டின் முதல் வரிகளை இது மொழிபெயர்த்திருக்கிறது என்று தம்பியின் பெயரிலுள்ள அறக்கட்டளை குற்றம் சாட்டியது. ஜெயஸ்ரீ மறுத்தார். அவ்வழக்கில் தீர்ப்பு வழங்குவது என் வேலை இல்லை. மொழியியல் நோக்கில் ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். குழந்தையைப் பார்த்து நீ இதுவா, அதுவா என்று அடுக்கிக் கேட்பது தாலாட்டின் வாய்பாடு. அடித்தது யார் என்று கேட்டு அத்தையையும் மாமனையும் அடுக்குவதும் வாய்பாடே. வாய்மொழிப் பாடலில் வாய்பாடு எவ்வாறு இயங்குகிறது என்ற பாரி, லார்டு ஆகியோரின் கொள்கையைச் சங்கப் பாடல்களில் பொருத்திக் கைலாசபதி 1968இல் நூல் வெளியிட்டார். தாலாட்டுக்கு அக்கொள்கை இன்னும் இயல்பாகப் பொருந்தும். வாய்பாட்டுக்கு உரிமையாளர் இல்லை. வாய்பாடுகளைக் கோத்த முறைக்கு இருக்கலாம். பிருந்தாவின் வீட்டுக்கு இது புதிய கேள்வியும் அன்று. சொல் க்ஷேத்ரக்ஞருடையது, ராகம் எல்லாருடையது, இந்த அசைவு மட்டும் எங்களுடையது என்று அவர்கள் எல்லைகளை நுட்பமாக வகுத்திருந்தனர். பதிப்புரிமைச் சட்டத்தில் அந்த மூன்றாவதற்குப் பெயரே இல்லை.

இறுதியாக, நோட்டுப் புத்தகங்கள். வீட்டு வகுப்புகளில் கற்ற மாணவர்கள் தெலுங்குப் பதங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டனர். க, ச, ட, த, ப ஆகியவற்றின் மேல் 2, 3, 4 என்று சிறு எண்கள் இட்டு வர்க்க வேறுபாட்டைக் காட்டுவது வழக்கம். ஆங்கிலப் பள்ளியில் படித்த மும்பைப் பிள்ளைகள் சிலர் அதையே தேவநாகரியிலும் ரோமன் எழுத்திலும் எழுதினர். தெலுங்குச் சொல், தமிழ்க் காது, மராத்தி எழுத்து. எந்த உகரத்தை உ என்று எழுதினர், எதை எழுதாமல் விட்டனர் என்பதை ஒப்பிட்டாலே ஆசிரியரின் உச்சரிப்பைப் பற்றி நிறையச் சொல்லலாம். 1960கள், 70களில் மாட்டுங்கா, செம்பூர், சயான் பகுதி வீடுகளில் பாட்டுக் கற்றவர்கள் இப்போது எழுபதைக் கடந்திருப்பர். கட்டடங்கள் இடிக்கப்பட்டு மறுகட்டுமானத்துக்குப் போகின்றன. வீட்டைக் காலி செய்யும்போது முதலில் பழைய பேப்பர்காரரிடம் போவது இத்தகைய நோட்டுகளும், ஓட இயந்திரம் இல்லாத ஸ்பூல் நாடாக்களும்தான். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ அப்படி ஏதும் இருந்தால் எனக்கு எழுதுங்கள். நோட்டை வாங்கிக்கொள்ளக் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலேயே அமர்ந்து பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர் உடனிருந்து, ஓர் அடியையாவது பாடிக்காட்டினால் மிக நன்று. சுருதிப் பெட்டி நான் கொண்டுவருகிறேன்.